எஞ்சினை மாற்ற முன் அளந்து பாருங்கள்: இறக்குமதி திறந்தாலும் வடக்கில் ஓடப்போவது பழைய கார்களே

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கிளினிக் முடித்த ஒரு வயோதிபரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொண்டு பரந்தனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது அந்த ஏ40 சோமசெட் கார். ஹயர் கார்க்காரரின் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். இயக்கச்சி தாண்டி ஆனையிறவு வெளிக்கு வந்ததும் சோளகக் காற்று சரிவாக எதிர்த்து அடித்தது. அக்சிலேற்றரை அடிவரை மிதித்தும் மைலில் எழுதப்பட்ட வேகமானியின் முள் முப்பதைத் தாண்ட மறுத்தது. அவர் மூன்றாம் கியருக்கு இறக்கினார். பின்னால் வந்த பஸ் ஹோன் அடித்துக்கொண்டு விலத்திப் போனது.

"இழுவை இல்லைத் தம்பி. முந்தி இந்த வெளியிலை நாப்பத்தைஞ்சிலை போவன். எஞ்சின் முடிஞ்சுதாம், மாத்தச் சொல்லுறாங்கள்."

மாற்றுவதற்கு யப்பான் எஞ்சின் ஒன்று பார்த்து வைத்திருந்தார். எஞ்சினும் கியர்பொக்ஸும் வேலைக்கூலியும் சேர்த்துக் கேட்கப்பட்ட தொகைக்குக் கடன் எடுக்க வேண்டும். கடனுக்கு மனைவியின் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் படிவமும் நிரப்பியாயிற்று. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் அப்படி நிரப்பப்பட்ட படிவங்கள் எத்தனை குடும்பங்களை எங்கே கொண்டுபோய் விட்டன என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு காரின் இழுவைக் குறைவைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

திறந்த கதவு யாருக்கு?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஐந்து ஆண்டுகளின் பின் 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கொழும்புப் பத்திரிகைகளில் புதுக் கார் விளம்பரங்கள் மீண்டும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஆனால் சுங்கத் தீர்வை, அதன் மேல் மேலதிகக் கட்டணம், எஞ்சின் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, குறித்த பெறுமதிக்கு மேல் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேலாக 18 வீத பெறுமதி சேர் வரி என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்போது, மிகச் சிறிய காரின் விலையே பல பத்து இலட்சங்களாகி விடுகிறது. அந்நியச் செலாவணி மீண்டும் வெளியே ஓடிவிடக்கூடாது என்ற அரசின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. 2022 இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை போனதை எல்லோரும் பார்த்தோம். ஆனாலும், நாள் ஒன்றுக்கு ஒரு ஹயர் கிடைத்தால் நல்ல நாள் என்றிருக்கும் ஒருவருக்கு இந்தக் கதவு திறந்ததும் ஒன்றுதான், மூடியிருந்ததும் ஒன்றுதான்.

ஆக, வடக்கில் இன்னும் பத்து ஆண்டுகளுக்கு ஓடப்போவது பெரும்பாலும் இப்போது ஓடுகிற கார்களே. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், அவற்றுக்குப் பின் வந்த பழைய கொரோலாக்கள், சணிகள். இவற்றில் போடும் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போடப்படுகிறது என்பதுதான் கேள்வி. நான் பார்த்தவரை அந்தப் பணம் தவறான இடத்தில் போகிறது. அளக்காமல் எஞ்சினை மாற்றுகிறோம். மாற்றிய பிறகும் பிறேக்கைப் பார்ப்பதில்லை.

மண்ணெண்ணெய்க் காலம் விட்டுச்சென்றது

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் தீவகற்பத்துக்கு வராமல் போனபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் துளித்துளியாக விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெள்ளைப் புகையும் அந்த மணமும் அந்தக் காலத்தவர்களின் மூக்கில் இன்னமும் இருக்கும். ஏ40 இதற்குத் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அதன் அமுக்க விகிதம் மிகக் குறைவு என்பதே. சோமசெட்டின் 1200 சிசி எஞ்சினில் அது 7.2க்கு 1. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் கிடைத்த தரங்குறைந்த பெற்றோலுக்காக அப்படிச் செய்யப்பட்ட எஞ்சின் அது. இங்கிலாந்தில் யாரோ தங்கள் தட்டுப்பாட்டுக்காக வரைந்த எஞ்சின், நாற்பது ஆண்டுகளின் பின் எங்கள் தட்டுப்பாட்டுக்கு உதவியது.

ஆனால் மண்ணெண்ணெய் சும்மா போகவில்லை. முழுதாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் உள்ள ஒயில் படலத்தைக் கழுவிவிடும். கீழே இறங்கி ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். றிங்ஸும் போரும் பெயரிங்கும் அதனால் தேய்ந்தன. எஞ்சின் தட்டாமல் இருக்க ரைமிங்கைப் பின்தள்ளி வைத்தார்கள். அந்தத் தேவை போய்விட்டது. ஆனால் ரைமிங்கைக் காதால் கேட்டுப் பின்தள்ளி வைக்கும் பழக்கம் சில கைகளில் இன்றும் இருக்கிறது. இழுவை குறைந்த கார்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. இன்று நிரப்பு நிலையத்தில் கிடைக்கும் 92 ஒக்டேன் பெற்றோல், அந்த எஞ்சின் வரையப்பட்ட காலத்துப் பெற்றோலைவிட எவ்வளவோ மேலானது. எனவே ரைமிங்கைப் புத்தகத்தில் உள்ள அளவுக்குத் தயக்கமின்றிக் கொண்டுவரலாம். கூடுதல் விலை கொடுத்து 95 அடித்தால் இழுக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். 7.2க்கு 1 அமுக்கமுள்ள எஞ்சினுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இதே 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தீவு, ஒரே கார். அங்கே அது ஏற்றுமதித் தொழில். இங்கே லேத்தில் பழைய இரும்பைக் கடைந்து புஷ் செய்து ஓட்டிய பிழைப்பு. அந்தக் கைத்திறனுக்கு அன்று யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. கராஜ்களில் அந்தத் தலைமுறை இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது.

இழுவை எங்கே போகிறது?

எஞ்சினைத் திறக்க முன், கார் உண்மையிலேயே பலம் இழந்திருக்கிறதா, அல்லது எதுவோ அதைப் பிடித்து இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு, நிறுத்தி, நான்கு சில்லுகளின் நடுவையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிறேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. சமதரையில் நியூற்றலில் ஒரு ஆள் தள்ளினால் இந்தக் கார் உருள வேண்டும். எஞ்சின் இரைச்சல் ஏறுகிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் கிளச் வழுக்குகிறது. இந்த மூன்று சோதனைக்கும் ஒரு சதம் செலவில்லை.

அடுத்தது இன்னும் எளிது. ஒருவர் உள்ளே இருந்து அக்சிலேற்றரை அடிவரை மிதிக்க, இன்னொருவர் காபரேற்றரின் வாயைப் பார்க்க வேண்டும். எழுபது ஆண்டு பழைய தொடுப்புகள் தேய்ந்து, முழு மிதிக்கும் முக்கால்வாசிதான் திறக்கும் கார்களைக் கண்டிருக்கிறேன். சிரிப்பாக இருக்கும், ஆனால் உண்மை.

பிறகு தீப்பொறி. பொயின்ற் இடைவெளி, கொண்டென்சர், வயர், டிஸ்றிபியூற்றர் மூடியில் வெடிப்பு. டிஸ்றிபியூற்றருக்குள் வேகத்துக்கேற்ப ரைமிங்கை முன்தள்ளும் சிறு பாரங்கள் துருப்பிடித்து இறுகியிருந்தால், நின்ற இடத்தில் எஞ்சின் நன்றாக ஓடும், றோட்டில் இழுக்காது. பக்கத்தில் உள்ள வட்டப் பெட்டியின் ரப்பர் கிழிந்திருந்தால் பெற்றோல் அதிகம் குடிக்கும். குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தாலே தெரியும். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். இளம் மண்ணிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் பெற்றோல் கூடுதல். ஒயில் ஈரம் என்றால் றிங்ஸ் அல்லது வால்வு வழிகாட்டி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் கலவை மெலிவு அல்லது கடும் சூடு. இந்தக் கடைசி நிறம் இப்போது அடிக்கடி காணப்படுவதற்கு ஒரு காரணம் புகைப் பரிசோதனை. ஆண்டுதோறும் வாகன வரிப்பத்திரத்துக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அதில் சித்தியடையக் கலவையை மெலிதாக்கிவிட்டு, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவராமலே ஓடுகிறார்கள். பாரத்தோடு தூரம் ஓடும்போது வால்வுகள் எரிவதற்கு இது நல்ல வழி.

தாங்கியின் அடியில் துரு, பம்பின் ரப்பர், அடைபட்ட வடி, பாதி அடைபட்ட சைலன்சர். இவற்றைப் பார்க்க அரைநாள் போதும். 2022 இல் கிடைத்த கிடைத்த கானுகளில் பெற்றோல் சேமித்து ஊற்றியதில் தாங்கிக்குள் போன அழுக்கு இன்னும் சில கார்களில் இருக்கிறது. கியூஆர் முறையில் வாரத்துக்கு 20 லீற்றர் என்று ஒரு காருக்குக் கொடுக்கப்பட்ட அந்த நாட்களில்தான், சரியாக ரியூன் செய்த காருக்கும் செய்யாத காருக்கும் இடையிலான வேறுபாடு பலருக்கு உறைத்தது.

அமுக்கமானி சொன்ன கதை

இவ்வளவும் சரி, இன்னும் இழுவை இல்லை என்றால்தான் எஞ்சினின் உள்ளே போக வேண்டும். அதற்கும் எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. அமுக்கமானி என்ற சிறு கருவி போதும். எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்தபடி ஸ்ராட்டரால் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டராக அளக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கம் என்பதே முக்கியம். பத்து வீதத்துக்குள் என்றால் நல்லது.

ஏ40க்காரரிடம் இதைச் செய்யச் சொன்னபோது அவருக்குப் பெரிய நம்பிக்கை இருக்கவில்லை. எஞ்சின் முடிந்தது என்று சொன்ன கராஜில் யாரும் அளந்திருக்கவில்லை. காதால் கேட்டே சொல்லியிருந்தார்கள். வேறு ஒரு வயோதிப மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். ஒன்று, இரண்டு, நான்காம் சிலிண்டர்கள் 115ஐ ஒட்டி நின்றன. மூன்றாவது 70. அந்தத் துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் அளந்தார். றிங்ஸ் தேய்ந்திருந்தால் ஒயில் இடைவெளியை அடைத்து எண் ஏறும். அது அசையவில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கஸ்கற் என்று சந்தேகிக்கலாம். இங்கே விழுந்தது ஒன்றுதான்.

"அண்ணை, எஞ்சினுக்கு ஒண்டுமில்லை. வால்வு இருக்குதில்லை" என்றார்.

மூடியைக் கழற்றி இடைவெளி பார்த்தபோது மூன்றாம் சிலிண்டரின் புகைவழி வால்வில் இடைவெளியே இல்லை. வால்வு அதன் இருக்கைக்குள் அமிழ்ந்துபோய், முழுதாக மூடாமல் எரிந்துகொண்டிருந்தது.

இது ஏன் நடந்தது என்பது வடக்கின் கதையோடு சேர்ந்தது. அந்தக் கால எஞ்சின்களில் வால்வு இருக்கை தனித் துண்டு அல்ல. வார்ப்பிரும்புத் தலையிலேயே வெட்டப்பட்டது. பெற்றோலில் கலந்திருந்த ஈயம் அந்த இருக்கையில் ஒரு மெல்லிய படையாகப் படிந்து அதைக் காத்தது. 2002 இல் இலங்கை ஈயம் கலந்த பெற்றோலை நிறுத்தியது. மக்களின் நலத்துக்கு, முக்கியமாகக் குழந்தைகளின் மூளைக்கு, அது மிக அவசியமான முடிவு. ஆனால் பழைய எஞ்சின்களுக்கு அந்தப் பாதுகாப்பு போனது. மெதுவாக ஓடும்போது தேய்வு பெரிதாக இல்லை. தடைமுகாம்களும் குழிகளும் நிறைந்த பாதையில் இருபது, முப்பதில் ஓடிய காலம் வரை இந்தத் தலைகள் தாக்குப்பிடித்தன. போர் முடிந்து ஏ9 திறந்து காபெற் போட்ட பிறகு, அதே கார் ஐந்து பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்காக உச்ச வேகத்தில் ஓடத் தொடங்கியது. நீண்ட நேரம், கூடிய பாரம், கூடிய சூடு: ஈயமில்லாப் பெற்றோலில் இருக்கை தேய இவைதான் வேண்டும். பாதை நல்லாக வந்தபோது வால்வு எரிந்தது.

பரிகாரம் கடினமானதல்ல. தலையைக் கழற்றி, இருக்கையைக் குடைந்து, கடினப்படுத்திய வளையம் அடித்து, புது வால்வு போட்டு அரைக்க வேண்டும். ஒழுங்கான மெசின் வேலைத்தளம் இதைச் செய்யும். அவருக்கு முடிந்த செலவு, கடனுக்காகக் குறித்திருந்த தொகையில் ஒரு சிறு பங்கு. இனி ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வால்வு இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி குறைந்துகொண்டு வருவதே முதல் எச்சரிக்கை.

பிந்திய யப்பான் கார்களிலும் ஒழுங்கு இதேதான். கணினி உள்ளவற்றில் அதன் பிழைக் குறியீட்டை முதலில் வாசிப்பது மட்டும் புதிது. ஆனால் குறியீடு சந்தேகத்தைத்தான் சொல்லும். அது சுட்டிய பாகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி ஏமாந்தவர்கள் பலர்.

மேம்படுத்துவது என்றால் எதை?

யப்பான் எஞ்சின் ஏற்றுவதை நான் முழுதாக எதிர்க்கவில்லை. போர் உண்மையிலேயே தேய்ந்து, மேலதிக அளவுப் பிஸ்டனும் கிடைக்காவிட்டால் வேறு வழியில்லை. மொறிஸ் மைனரில் நிசான் எஞ்சின் ஏற்றுவது பல நாடுகளில் நடப்பதுதான். ஆனால் நடக்கும் விதம் கவலை தருகிறது. நாற்பது குதிரைவலுவுக்குச் செய்யப்பட்ட காரில் அதைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு பலம் ஏறுகிறது. நிறுத்துவதற்கு இருப்பது அதே பழைய டிரம் பிறேக், ஒற்றை மாஸ்ரர் சிலிண்டர். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லிலும் பிறேக் இல்லை. 60 கிலோமீற்றரில் ஓடிய கார் 80இல் ஓடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுவதில்லை. முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. பின்னிருக்கையில் பெல்ற் இல்லாமல் இருப்பது கர்ப்பிணித் தாயோ, டயலிசிசுக்குப் போகும் நோயாளியோ.

எனவே என் வரிசை வேறு. முதலில் பிறேக்: குழாய்கள், சிலிண்டர் ரப்பர்கள், சூ. அடுத்து ரயர். பத்து ஆண்டு பழைய ரயரில் பூ எவ்வளவு இருந்தாலும் அது ரயர் அல்ல. பிறகு றேடியேற்றர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்பு நிறைந்தது. அதை ஊற்றி ஊற்றித்தான் குழாய்கள் அடைபடுகின்றன. வடித்த மழைநீர் அல்லது குளிரூட்டித் திரவம் ஊற்றுவதே ஒரு மேம்பாடு. அதன் பிறகு டைனமோவுக்குப் பதிலாக அல்டனேற்றர். இரவில் வெளிச்சம் இல்லாமல் மாடுகள் படுத்திருக்கும் வன்னிப் பாதையில் அது உயிர் காக்கும். பொயின்ற்றுக்குப் பதிலாக இலத்திரனியல் பொறி அமைப்பும் நல்லது. ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்கள் பலவற்றில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் பூட்டினால் அல்டனேற்றரும் பொறி அமைப்பும் அந்த நிமிடமே எரியும்.

எஞ்சின் மாற்றம் கடைசி. அப்படி மாற்றினால் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றியாக வேண்டும். பலர் செய்வதில்லை. விபத்து நடந்து காப்புறுதிக்காரர் புத்தகத்தைக் கேட்கும் நாளில்தான் அது நினைவு வருகிறது. முள்ளிவாய்க்காலில் வாகனத்தை விட்டுவிட்டு வந்து, கையில் புத்தகம் மட்டும் மிஞ்சிய மக்களுக்கு, புத்தகமும் வாகனமும் ஒத்துப்போவதன் பெறுமதியை நான் விளக்கத் தேவையில்லை.

அரசும் சபைகளும் செய்யக்கூடியது

ஒரு கராஜுக்கு அமுக்கமானியும் ரைமிங் லைற்றும் பெரிய முதலீடல்ல. ஆனாலும் அளந்து பார்த்து எழுதித் தரும் பழக்கம் இல்லை. கேட்கும் பழக்கமும் எங்களிடம் இல்லை. நான்கு எண்களை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். தர மறுத்தால் வேறு இடத்துக்குப் போங்கள்.

முன்னனுபவத்தை அங்கீகரித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு இலங்கையில் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கப்படுகிறது. இளைஞர்கள் அங்கே ஸ்கேனர் பிடிக்கப் பழகுகிறார்கள். பிளக்கின் நிறம் பார்த்து நோய் சொல்லும் கிழவர் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் தகரக் கொட்டகைக்குள் இருக்கிறார். இருவரையும் ஒரே எஞ்சினுக்கு முன்னால் வாரத்தில் ஒரு நாள் நிறுத்துவதற்கு வரவுசெலவுத் திட்டம் எதுவும் வேண்டாம். மாகாண சபை முடங்கிக் கிடக்கும் நிலையில் பிரதேச சபைகளாவது இதை முன்னெடுக்கலாம். இறக்குமதி வரிகளைப் பற்றிப் பேசும் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள், பழைய வாகனங்களின் பிறேக், ரயர், வால்வு போன்ற பாதுகாப்புப் பாகங்களுக்கு வரிச்சலுகை கேட்டால் அது புதுக் கார் வாங்க முடியாத பெரும்பான்மையினருக்குப் போய்ச்சேரும்.

அந்த ஏ40 இப்போது ஆனையிறவு வெளியில் நாற்பதில் போகிறது. நாற்பத்தைந்து வரவில்லை. மற்ற மூன்று சிலிண்டர்களின் வயது அப்படி. கடன் படிவம் கிழிக்கப்பட்டுவிட்டது. நல்லூர்த் திருவிழாக்கால ஹயர்களில் வரும் காசில் முன் பிறேக் இரண்டும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பாரம் ஏற்றிக்கொண்டு நாற்பதுக்கு மேல் போக வேண்டாம் என்று மெக்கானிக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.